ஒரே ஒரு மொர்வான்

ஜூன் 3

தண்ணீர்த் தொட்டி கழுவ ஆள் வருவதாகச் சொல்லி வரவில்லை. நானே இறங்கிக் கழுவினேன். ஐம்பத்தேழு வயதில் செய்கிற வேலையா இது? இடுப்பு பிடித்துக்கொண்டது.

பதினோரு மணிக்குக் காரைக்காலிலிருந்து நூருல் அமீன் என்று ஒருவர் வந்தார். நாற்பது வயதுக்குள் இருக்கும். மீன்வலையும் கயிறும் விற்கும் கடை வைத்திருக்கிறாராம். அவருடைய மாமா மகள் பள்ளியில் என்னிடம் பிரெஞ்சு படித்தவள். அவள் சொல்லித்தான் முத்தியால்பேட்டைக்கு என்னைத் தேடி வந்திருக்கிறார். கையில் ஒரு பழைய பிஸ்கட் டின். உள்ளே பதினொரு கடிதங்கள், எல்லாம் பிரெஞ்சில்.

"எங்க வாப்பாவோட வாப்பா சைகோன்ல வியாபாரம் பண்ணுனவங்க டீச்சர். அங்கேர்ந்து ஒரு காரு கொண்டாந்தாங்க. குடோன்ல கிடக்கு. என்ன காருன்னு யாருக்கும் தெரியல. வாப்பா மவுத்தாகுற வரைக்கும் 'இது சாதாரண வண்டி இல்லடா'ன்னு சொல்லிக்கிட்டே இருந்தாங்க. அது என்னன்னு தெரிஞ்சா போதும்."

படித்துச் சொல்கிறேன் என்றேன். எழுந்து கிளம்பும்போது சொன்னார்:

"மெட்ராஸ்லேர்ந்து ஒருத்தர் வந்து பார்க்குறேன்னு சொல்லியிருக்காரு. பழைய பிரெஞ்சுக் காருல அவருதான் பெரிய ஆளாம். புக்கெல்லாம் எழுதியிருக்காரு. ரகோத்தமன்னு. தெரியுமா டீச்சர்?"

"கேள்விப்பட்டிருக்கேன்" என்றேன்.

இருபத்திரண்டு வருஷம் அவரோடு குடித்தனம் செய்தவள் நான். அதைச் சொல்ல வேண்டிய அவசியம் என்ன?

ஜூன் 5

கடிதங்களைப் படித்து முடித்தேன். எட்டுக் கடிதங்கள் சைகோனில் இருந்த ஒரு பிரெஞ்சு மருத்துவருக்கு லியோன் நகரத்திலிருந்து வந்தவை. அனுப்பியது மொர்வான் என்ற கார்ப் பட்டறை. மற்ற மூன்றும் அந்த மருத்துவர் அமீனின் பாட்டனாருக்கு எழுதியவை. யுத்தம் வரப்போகிறது, நான் ஊர் திரும்புகிறேன், வண்டி உங்களிடமே இருக்கட்டும் என்கிறார்.

மொர்வான் என்ற பெயரைப் பார்த்ததும் அந்த வரியை மறுபடியும் படித்தேன். 1938 கார்க் கண்காட்சிக்காக அவர்கள் ஒரு பந்தயக் கார் செய்தார்கள். ஒன்றே ஒன்றுதான். கூரையும் முதுகும் ஒரே தகட்டில் வழிந்து, பின்னால் நீர்த்துளிபோல ஒடுங்கி முடியும். அதற்குப் பிறகு அந்த வண்டியை யாரும் பார்க்கவில்லை. ரகோத்தமன் புத்தகத்தில் 'காணாமல் போனவை' என்ற அத்தியாயத்தில் இதைப் பற்றி நான்கு பக்கம் இருக்கிறது. அந்த நான்கு பக்கத்துக்கும் ஆதாரமான கண்காட்சிக் குறிப்பைத் தமிழாக்கிக் கொடுத்தவள் நான். அந்தப் புத்தகத்தில் இருக்கிற பிரெஞ்சு எல்லாமே நான் கொடுத்தது. எட்டு வருஷ வேலை; புத்தகம் வந்து பதினெட்டு வருஷம் ஆகிறது.

புத்தகத்தை எடுத்து மறுபடியும் நன்றிப் பக்கத்தைப் பார்த்தேன். டயர் கடைக்காரர் பெயர் இருக்கிறது. தட்டச்சு செய்தவர் பெயர் இருக்கிறது. வண்டிகளைத் துடைத்து வைத்த காவலாளி பெயர்கூட இருக்கிறது. வெளியீட்டு விழாவில் ஒருவர் கேட்டார், "பிரெஞ்செல்லாம் யாரு சார் பார்த்துக் குடுத்தாங்க?" என்று. நான் பக்கத்தில்தான் நின்றேன். "எனக்கே தெரியும்ங்க" என்றார்.

ஆறு வருஷத்துக்கு முன்பு சென்னைக்குப் போனவர் விவாகரத்துப் பத்திரத்தைத் தபாலில் அனுப்பினார். அதுகூட எனக்குப் பெரிதாகத் தோன்றவில்லை. அந்த "எனக்கே தெரியும்ங்க" தான் இன்னும் காதில் இருக்கிறது.

மூன்றாவது கடிதத்தில் ஒரு வரி: 'உங்கள் வண்டியின் உடல் faux châssis மேல் ஏற்றப்பட்டிருக்கிறது, இப்படி வேறு எந்த வண்டியிலும் கிடையாது.' உச்சரிப்பு ஃபோ ஷஸ்ஸி; ஷஸ்ஸி என்றால் வண்டியின் அடிச்சட்டம். ஃபோ என்றால் அகராதியில் முதல் பொருள் 'போலி'. ஆனால் ஃபால்ஸ் சீலிங் என்று சொல்கிறோமே, அது என்ன போலிக் கூரையா? கூரைக்குக் கீழே இன்னொரு கூரை. இதுவும் அப்படித்தான். சட்டத்துக்குள் இன்னொரு சட்டம்.

வண்டியை ஒரு தடவை நேரில் பார்க்க வேண்டும்.

ஜூன் 9

கடிதங்களைப் படியெடுத்து வைத்துக்கொண்டு, பிஸ்கட் டின்னைத் திருப்பிக் கொடுக்கக் காரைக்கால் போய்வந்தேன். பேருந்தில் சீர்காழி வரை நின்றுகொண்டே பயணம்.

குடோனில் வலை மூட்டைகளை நகர்த்தி வழிசெய்து வைத்திருந்தார் அமீன். வண்டி மேல் போட்டிருந்த தார்ப்பாயை அவரும் அவர் தம்பி ஹபீபும் இழுத்தார்கள். நீல வண்ணம் பாதி உரிந்து அலுமினியம் தெரிந்தது. விளக்குகள் இல்லை, சக்கரம் இரண்டு இல்லை. எண் பொறித்த பித்தளைத் தகட்டை யாரோ பிடுங்கியிருந்தார்கள். நான்கு ஆணித் துளைகள் மட்டும் இருந்தன. ஆனால் அந்தக் கூரை! முன்கண்ணாடியிலிருந்து வால் வரை கையால் தடவிக்கொண்டே போனேன். ஓர் ஒட்டு இல்லை, ஒரு மடிப்பு இல்லை. காரைப் பற்றி எனக்குப் பெரிய ஆசையெல்லாம் கிடையாது. அதன் மேலிருந்து மட்டும் கையை எடுக்க மனம் வரவில்லை.

இருக்கைப் பலகையைத் தூக்கச் சொன்னேன். கனத்த இரும்புச் சட்டத்துக்குள் மெல்லிய குழாய்களால் ஆன இன்னொரு சட்டம். இரண்டுக்கும் நடுவே ரப்பர் வளையங்கள், கல்லாக இறுகிப்போய். கடிதத்தில் இருப்பது அப்படியே கண்ணெதிரே இருந்தது.

"ஏதாவது தெரியுதா டீச்சர்?" என்று கேட்டார் அமீன்.

"எல்லாக் கடுதாசியும் முழுசா தமிழ்ல எழுதி முடிச்சிடுறேன் தம்பி. சொல்றேன்."

அவருடைய உம்மா, சுலைகா நாச்சி, சாப்பிடாமல் விடமாட்டேன் என்று உட்கார வைத்துவிட்டார். மீன் ஆணம் ஊற்றிச் சோறு, பிறகு ரவையில் செய்த தம்மடை. வழிக்கு என்று வாழை இலையில் நான்கு துண்டு மடித்துக் கொடுத்தார். "அவுக வாப்பா வெள்ளிக்கெழம தவறாம அந்த வண்டியத் தொடச்சிட்டுத்தாம்மா தொழுவப் போவாக. ஒரு நா ரோட்டுல ஓட்டிப் பார்க்கணும்னு ஆச. நடக்கல" என்றார்.

அங்கேயே சொல்லியிருக்கலாம். ரகோத்தமன் இன்னும் வரவில்லையே, அவர் என்ன சொல்கிறார் என்று பார்த்துவிடலாம் என்று இருந்துவிட்டேன்.

ஜூன் 10

துணி துவைத்தேன். வேறொன்றுமில்லை.

ஜூன் 15

அமீன் போன் செய்தார். ரகோத்தமன் வந்து மூன்று மணி நேரம் பார்த்தாராம். நூறு படம் எடுத்தாராம். மூன்றாவது கடிதத்தைப் படியெடுத்துக்கொண்டு போயிருக்கிறார். "யோசிச்சுச் சொல்றேன்"னு மட்டும் சொன்னாராம்.

"அவரு முகத்தப் பார்த்தா ஏதோ இருக்கும்போல டீச்சர். போறப்ப கூரையத் தடவிக்கிட்டே நின்னாரு."

நானும் அப்படித்தான் நின்றேன். அது எனக்குப் பிடிக்கவில்லை.

ஜூன் 17

ரகோத்தமன் போன் செய்தார். ஆறு வருஷத்துக்குப் பிறகு. ஒரு வார்த்தைக்குப் பொருள் கேட்டார். சொன்னேன்.

கத்தரிக்காய் எல்லாம் சொத்தை.

ஜூன் 19

அமீனின் குரல் இறங்கியிருந்தது. "போலியாம் டீச்சர். ஃபோ ஷஸ்ஸின்னா போலிச் சட்டமாம். சைகோன்ல யாரோ ஏதோ ஒரு வண்டிச் சட்டத்து மேல அந்த மாதிரி ஒரு பாடியக் கட்டியிருக்காங்கன்னு சொல்றாரு. முப்பதாம் தேதி பாண்டிச்சேரியில அவுங்க கார் சங்கத்துக் கூட்டம் இருக்காம். அதுல அறிக்கை படிக்கப் போறாரு. டீச்சர், நீங்க சொல்லுங்க. அந்த வார்த்தைக்கு அதுதானா அர்த்தம்?"

"அவ்வளவு படிச்சவரு சொன்னா சரியாத்தான் இருக்கும் தம்பி" என்றேன்.

பிறகு, "சரி டீச்சர். வாப்பாதான் பாவம்" என்று வைத்துவிட்டார்.

நான் பொய் எதுவும் சொல்லவில்லை. அவர் சொன்னது சரியாக இருக்கும் என்றுதானே சொன்னேன்.

ஜூன் 20

நாட்குறிப்பில்கூட மறைத்து என்ன ஆகப்போகிறது. பதினேழாம் தேதி நடந்ததை எழுதிவிடுகிறேன்.

"செலின், நான்தான்" என்றார். "ஒரே ஒரு வார்த்தை கேட்கணும். போன்ல போட்டுப் பார்த்தேன், போலின்னு வருது. எனக்கு நம்பிக்கை இல்ல. வண்டியப் பார்த்தா அப்படித் தோணல. ஃபோ ஷஸ்ஸின்னா என்ன?"

"ஃபோன்னா போலி" என்றேன்.

"வேற எந்த அர்த்தமும் கிடையாதா? நல்லா யோசிச்சுச் சொல்லு."

"இருபத்திரண்டு வருஷத்துல நான் சொன்னது ஒண்ணாவது தப்பா இருந்திருக்கா?"

"இல்ல" என்றார். "ஒண்ணுகூட இல்ல. தேங்க்ஸ் செலின்."

அவ்வளவுதான். போனை வைத்துவிட்டு அரைமணி நேரம் சிரித்தேன். வாய்விட்டு. பக்கத்து வீட்டில் தொலைக்காட்சிச் சத்தத்தைக் குறைத்தார்கள்.

முப்பதாம் தேதி நானும் போகிறேன். அவர் எழுந்து நின்று 'போலி' என்று படிக்கட்டும். கைதட்டட்டும். பிறகு நான் எழுந்து கடிதத்தைப் படிப்பேன். ஃபோ ஷஸ்ஸி என்றால் உள்சட்டம். மொர்வான் பட்டறை அதை ஒரே ஒரு வண்டிக்குத்தான் செய்தது. அந்த வண்டி காரைக்காலில் இருக்கிறது. இந்தப் பெரிய மனிதர் அதன் முன்னால் மூன்று மணி நேரம் நின்றும் அடையாளம் தெரியாமல் போனார், ஏனென்றால் இவருக்குப் பிரெஞ்சு தெரியாது. எப்போதும் தெரிந்ததில்லை. என்னிடம் கேட்டதாக அவர் சொல்வாரா? என்னிடம் கேட்டேன் என்று ஒருநாளும் சபையில் சொன்னவர் இல்லையே. அந்தத் தைரியம்தான் எனக்கு.

பேச வேண்டியதை எழுதி மூன்று தடவை படித்துப் பார்த்தேன். சாம்பல் நிறப் பட்டுப் புடவையை எடுத்து வெளியில் வைத்தேன்.

அமீன் குடும்பத்துக்கு இதில் நஷ்டம் இல்லை. பத்து நாள் வருத்தம். முப்பதாம் தேதி எல்லாருக்கும் முன்னால் சந்தோஷம் கிடைக்கும்.

ஜூன் 24

அமீன் போன். ஜூலை ஒன்றாம் தேதி தம்பி ஹபீபுக்கு நிக்காஹ், அவசியம் வரவேண்டும் என்றார். அதோடு இதையும் சொன்னார்:

"அந்த வண்டி ஒண்ணுக்கும் ஆகாதுன்னு ஆயிடுச்சுல்ல டீச்சர். சும்மா கெடந்து என்ன செய்ய? மாப்பிள்ளை ஊர்வலத்துக்கு எடுத்துக்கலாம்னு பார்க்குறோம். மேல் கூரைய அறுத்துட்டா மாப்பிள்ளை உக்கார வசதியா இருக்கும். வேற சக்கரம் ரெண்டு மாட்டி, பூ அலங்காரம் பண்ணி டிராக்டர்ல கட்டி இழுத்துக்கலாம். வாப்பாவோட வண்டி ரோட்டப் பார்த்த மாதிரியும் ஆச்சு. இருபத்தேழாம் தேதி வெல்டர் வர்றாரு."

என்ன சொன்னேன் என்று ஞாபகமில்லை. நல்லது என்றோ என்னவோ.

ஜூன் 25

இப்போதே அமீனிடம் சொன்னால் அடுத்த நிமிடம் ரகோத்தமனுக்குப் போன் போடுவார். ரகோத்தமன் அறிக்கையைக் கிழித்துவிட்டு வேறு எழுதுவார். 'காணாமல் போன மொர்வானைக் கண்டுபிடித்தேன்' என்று. அதற்கும் கைதட்டுவார்கள்.

சொல்லாவிட்டால் கூரை போய்விடும்.

சோறு குழைந்துவிட்டது. தயிர் ஊற்றிச் சாப்பிட்டேன்.

ஜூன் 26

அமீனுக்குப் போன் செய்தேன். "கூரைய அறுக்குறத ஒரு வாரம் தள்ளிப் போடலாமே தம்பி" என்றேன்.

"ஏன் டீச்சர்?"

"பழைய பொருளாச்சே, அதான்."

"ஒண்ணாந்தேதி கல்யாணம் டீச்சர். பெயிண்ட் காயணும்ல?" என்று சிரித்தார்.

அதற்கு மேல் சொல்லவில்லை. நேரில் போய் ஏதாவது காரணம் சொல்லி மூன்று நாள் நிறுத்திவிட்டால் இரண்டும் நடக்கும். கூரையும் இருக்கும், முப்பதாம் தேதியும் கைவிட்டுப் போகாது. காலை முதல் பேருந்து.

ஜூன் 27

போனேன். நேரமாகிவிட்டது.

பதினோரு மணிக்கெல்லாம் வந்துவிடுவார் என்று சொன்ன வெல்டர் எட்டுக்கே வந்திருக்கிறார். குடோன் வாசலில் ஆட்டோவை விட்டு இறங்கும்போதே உலோகம் கருகும் வாடை வந்தது. கூரை வெளியே வெயிலில் மல்லாந்து கிடந்தது. ஒரே தகடாக வழிந்து வந்த அந்த முதுகை நடுவில் குறுக்கே அறுத்திருந்தார்கள். அறுத்த ஓரம் பல் பல்லாக இருந்தது. இரண்டு பிள்ளைகள் அதற்குள் உட்கார்ந்து படகு ஓட்டிக்கொண்டிருந்தார்கள்.

"வாங்க டீச்சர், வாங்க! பாருங்க, எப்படி ஆயிருச்சுன்னு!" என்று அமீன் ஓடிவந்தார். கையெல்லாம் கரி. முகமெல்லாம் சந்தோஷம்.

மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டேன். வெயிலில் மயக்கம் என்று நினைத்துத் தண்ணீர் கொண்டுவந்தார்கள். சுலைகா நாச்சி விசிறியோடு வந்தார். அப்போது சொன்னேன். எல்லாவற்றையும். அந்த வார்த்தையின் பொருளை, ரகோத்தமன் யார் என்பதை, அவர் போனில் கேட்டதை, நான் சொன்னதை. உலகத்தில் இந்த ஒரு வண்டிதான் என்பதையும்.

அமீன் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. கரித்துணியால் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார், துடைத்த கையையே மறுபடி மறுபடி. ஹபீப் போய் அந்தப் பிள்ளைகளைக் கூரையிலிருந்து இறக்கி விட்டான்.

சுலைகா நாச்சிதான் கேட்டார். விசிறி நின்றுவிட்டது.

"ஏம்மா, அவரு உங்களுக்குச் செஞ்சாரு, சரி. நாங்க என்னம்மா செஞ்சோம்?"

பையை எடுத்துக்கொண்டு எழுந்தேன்.

கிளம்பும்போது அமீன் ஆட்டோ வரை வந்தார். "அவருக்கு நான் போன் பண்ண மாட்டேன். நீங்க பொய் சொன்ன ஆளுகிட்ட நீங்களே சொல்லுங்க. எல்லாரு முன்னாடியும் சொல்லுங்க" என்றார். டீச்சர் என்று கூப்பிடவில்லை.

ஜூன் 28

ரகோத்தமன் எண்ணை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அழைக்கவில்லை. இவ்வளவுக்குப் பிறகும் அவர் 'போலி' என்று சபையில் படிப்பதைக் கேட்க வேண்டும் என்றுதான் இருக்கிறது. இதை எழுத வெட்கமாக இருக்கிறது. ஆனால் இருக்கிறது.

ஜூன் 30

கடற்கரைச் சாலை மண்டபம். நூற்றைம்பது பேர் இருப்பார்கள். கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். வாசலில் எல்லாருக்கும் அச்சடித்த அறிக்கையைக் கொடுத்தார்கள். மடியில் வைத்துக்கொண்டேன், பிரிக்கவில்லை.

ரகோத்தமன் மெலிந்துவிட்டார். கண்ணாடி தடித்திருந்தது. பதினைந்து நிமிடம் பேசினார். வடிவம் மொர்வானோடு பொருந்துகிறது, ஆனால் பட்டறைக் கடிதமே சட்டம் போலி என்று சொல்கிறது, எனவே இது நகல் என்று முடித்தார். நான் எதிர்பார்த்த அந்தச் சொல் வந்தது. எழுந்திருக்கக் காலை ஊன்றினேன்.

"ஒரு விஷயம் சொல்லணும்" என்றார் அவர். "இந்த வார்த்தைல எனக்குச் சந்தேகம் இருந்தது. என்னைவிடத் தெரிஞ்ச ஒருத்தர்கிட்ட கேட்டேன். அவங்க பேர அறிக்கைல போட்டிருக்கேன். என் புத்தகத்துல இருக்கிற பிரெஞ்சு முழுக்க அவங்களோடது. எனக்குப் பிரெஞ்சு தெரியாது. தெரியும்னு இவ்வளவு நாள் சொல்லிக்கிட்டிருந்தேன். பதினெட்டு வருஷம் முன்னாடியே அவங்க பேரப் போட்டிருக்கணும்."

அறிக்கையைப் பிரித்தேன். கடைசிப் பக்கம், கடைசி வரி: 'பிரெஞ்சு ஆவணம் மொழிபெயர்ப்பு: செலின் சவரிராயன்.' என் அப்பா பெயரோடு. அச்சில்.

எழுதி வைத்திருந்த பேச்சு பையிலேயே இருந்தது. எழுந்து நின்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. யாரோ மைக்கைக் கொண்டுவந்து கொடுத்தார்கள்.

"அவரு என்கிட்ட கேட்டாரு. நான் பொய் சொன்னேன். ஃபோ ஷஸ்ஸின்னா உள்சட்டம். அது போலி இல்ல. 1938ல செஞ்ச அந்த ஒரே மொர்வான் அதுதான். தெரிஞ்சேதான் பொய் சொன்னேன்."

ரகோத்தமன் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். ஏன் என்று கேட்கவில்லை. அது அவருக்குத் தெரியும். வேறொன்று கேட்டார்.

"வண்டி இப்ப எப்படி இருக்கு?"

"மூணு நாள் முன்னாடி கூரைய அறுத்துட்டாங்க. கல்யாண ஊர்வலத்துக்கு."

கண்ணாடியைக் கழற்றினார். மேசையைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தார். நூற்றைம்பது பேருக்கு முன்னால் அவர் முகம் சிதைந்து போனது. ஆறு வருஷமாக நான் பார்க்க வேண்டும் என்று ஏங்கிய முகம் அதுதான். பார்த்துவிட்டேன். அவர் அழுதது அந்தக் கூரைக்காக.

யாரும் என்னைத் தடுக்கவில்லை. வெளியே வந்து, வீடு வரை நடந்தே வந்தேன்.

ஜூலை 2

நிக்காஹுக்குப் போகவில்லை. போக முடியுமா?

ரகோத்தமன் இரண்டு தடவை போன் செய்தார். எடுக்கவில்லை. என் பெயரைப் போட்டுவிட்டால் எல்லாம் சரியாகிவிடுமா? இன்னும் கோபம் போகவில்லை. முன்பு அதற்கு ஒரு நியாயம் இருந்தது. இப்போது வெறும் கோபம்.

ஜூலை 7

அமீன் வந்தார். வாசலிலேயே நின்றார், இரண்டு தடவை சொன்ன பிறகுதான் உள்ளே வந்து நாற்காலி நுனியில் உட்கார்ந்தார்.

அந்த வண்டியிலேயே ஊர்வலம் நடந்ததாம். உம்மா வாசலுக்கு வந்து பார்க்கவில்லையாம். மறுநாளே ரகோத்தமன் காரைக்கால் போயிருக்கிறார். அறுத்த துண்டுகளைத் துணியில் சுற்றி வைக்கச் சொல்லி, கோயம்புத்தூரில் அலுமினியம் ஒட்டுகிற ஆளிடம் பேசியிருக்கிறார். பழையபடி ஆகாது, ஆனாலும் நிற்க வைத்துவிடலாம் என்கிறார்களாம். அதற்குப் பட்டறைக்காரர்கள் எழுதின அளவுகள் எல்லாம் வேண்டும்.

பிஸ்கட் டின்னை மேசைமேல் வைத்தார்.

"பதினொண்ணையும் எழுதிக் குடுக்கணும். ஒரு வார்த்தை விடாம."

"எழுதித் தர்றேன் தம்பி."

"நீங்க எழுதுறத மெட்ராஸ்ல இன்னொருத்தர்கிட்டயும் காட்டுவோம். சரி பார்க்குறதுக்கு. முன்னாடியே சொல்லிடுறது நல்லது பாருங்க. கோச்சுக்காதீங்க."

"கோபம் இல்ல. காட்டுங்க."

நான் வைத்த தேநீரைத் தொடாமலே எழுந்து போனார்.

சாயங்காலம் வரை உட்கார்ந்தேன். இரண்டு கடிதங்கள் முடிந்தன.